10 ரூபாய் வாஷரும் எங்கள் இரும்புக்கடையும்

ஹார்டுவேர் கடை என்றால் சிமெண்ட்டிலும் கம்பியிலும்தான் காசு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கடை வைக்க ஆசைப்பட்டு யோசனை கேட்டு வருகிறவர்களும் முதலில் கேட்பது "எந்த சிமெண்ட் ஏஜென்சி எடுக்கலாம்?" என்றுதான். பட்டுக்கோட்டையில் தாத்தா ஆரம்பித்து, அப்பா நடத்தி, இப்போது நான் கல்லாவில் உட்காரும் எங்கள் கடையின் கணக்கு வேறு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி போக ஒரு மூட்டை சிமெண்ட்டில் எங்களுக்கு நிற்பது 5 ரூபாயோ 10 ரூபாயோதான். அதையும் பாதிப்பேர் கடனுக்குத்தான் எடுப்பார்கள். கடையைத் தாங்குவது டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும் சில்லறைச் சாமான்: வாஷர், திருகு, கீல், தாழ்ப்பாள், குழாய் திரும்புகிற இடத்தில் போடும் எல்போ, டெஃப்ளான் டேப். இவற்றில் லாப விகிதம் அதிகம். ஆனால் ஆயிரக்கணக்கான வகை வைத்திருக்க வேண்டும், எது எந்த டப்பாவில் என்று தெரிந்த ஆள் வேண்டும், 10 ரூபாய் வியாபாரத்துக்கு 10 நிமிஷம் நின்று பேசவும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பெரிய கடைகள் செய்ய மாட்டார்கள். அதனால்தான் நாங்கள் இன்னும் ஷட்டர் தூக்கிக்கொண்டிருக்கிறோம்.

தாத்தா காலத்துச் சரக்கு ஏர்க்கொழு, மாட்டு லாடம், வண்டி அச்சாணி, கிணற்றுக் கப்பி, லாந்தர் கண்ணாடி. புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய்த் தண்ணீரை மட்டும் நம்பாமல் தென்னந்தோப்புகளில் போர்வெல் போட ஆரம்பித்ததும் ஃபுட் வால்வும் பைப்பும் வந்தன. சிமெண்ட்டுக்கு அந்த நாளில் பெர்மிட் வேண்டும். 1982இல் பாதிக் கட்டுப்பாடும் 1989இல் மீதியும் போன பிறகுதான் கூரை வீடுகள் மாடி வீடுகளாயின என்பார் அப்பா. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த பணத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. இந்த விவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

கல்லாவில் நான் உட்கார்ந்த புதிதில் அப்பா சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் இதுதான்: "கேட்டதை எடுத்துக் குடுத்துடாதே. எதுக்குன்னு கேளு." அப்போது எனக்கு இது வம்பளப்பு மாதிரி தெரிந்தது. ஒருவர் வந்து "அரை இஞ்ச் எல்போ ஒண்ணு" என்று கேட்கிறார். எடுத்துக் கொடுத்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் அரை இஞ்சில் இரண்டு எல்போ உண்டு. வெந்நீர் போகிற சிபிவிசி குழாய் பெரும்பாலும் வெளிர் மஞ்சளாக இருக்கும். அதில் அரை இஞ்ச் என்றால் குழாயின் வெளி விட்டம் 16 மில்லிமீட்டர். பச்சைத் தண்ணீர் போகிற வெள்ளை யுபிவிசி குழாயில் அதே அரை இஞ்ச் 21 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றின் எல்போ மற்றதில் சேராது. இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. சிபிவிசி முக்கால் இஞ்சின் வெளி விட்டம் 22 மில்லிமீட்டர் சொச்சம். யுபிவிசி அரை இஞ்ச் குழாய் அந்த எல்போவுக்குள் லொடலொடவென்று போய் உட்கார்ந்துவிடும். ஒட்டுகிற சொல்யூஷனைத் தாராளமாகப் பூசினால் பிடித்த மாதிரியும் தெரியும். மேல்தொட்டி நிரம்பிய அன்று ராத்திரி கழன்றுகொள்ளும். எனவே பைப் சாமான் வாங்க வருகிறவர்கள் அறுத்த துண்டு ஒன்றைக் கையில் கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் குழாயின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படம் பிடித்து வாருங்கள். இரண்டுக்கும் சொல்யூஷனும் வேறு, அதையும் சொல்லிக் கேளுங்கள். ஒட்டின உடனே தண்ணீரைத் திறக்காதீர்கள். டின்னில் போட்டிருக்கும் நேரம் வரைக்கும் பொறுக்க வேண்டும்.

போல்ட், கம்பி வாங்கும்போது ஆசாரிகளும் மேஸ்திரிகளும் இன்னும் நூல் கணக்குதான் சொல்வார்கள். ஓர் இஞ்சுக்கு 8 நூல். 3 நூல் கம்பி என்றால் இன்றைய 10 மில்லிமீட்டர், 4 நூல் என்றால் 12. வீட்டுக்காரர் மில்லிமீட்டரில் எஸ்டிமேட் வைத்திருப்பார், மேஸ்திரி நூலில் பேசுவார், நடுவில் நாங்கள் மொழிபெயர்ப்பாளர். சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

முன்பெல்லாம் பெண்கள் கடைப் படி ஏற மாட்டார்கள். சீட்டு எழுதிப் பையனிடம் கொடுத்தனுப்புவார்கள். கல்லாவில் ஒரு பெண்ணாக நான் உட்கார்ந்த பிறகு நேரில் வருகிறார்கள். அதிகம் வருவது சொட்டுகிற குழாய்க்குத்தான். பல சுற்று சுற்றித் திறக்கிற பழைய மாதிரிக் குழாய் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் தேய்ந்திருக்கும். 10 ரூபாய்க்குள் முடியும். மெயின் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து, மேல்தலையை ஸ்பானரால் கழற்றி, வாஷரை மாற்றினால் ஆயிற்று. கால் சுற்றில் திறக்கும் புது மாதிரிக் குழாயில் வாஷர் கிடையாது, உள்ளே ஸ்பிண்டில் இருக்கும். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பழசைக் கையில் கொண்டு வந்தால்தான் தேட முடியும். முழுக் குழாயையும் மாற்றச் சொல்லி 600 ரூபாய் விற்பது சுலபம்தான். வாஷர் வாங்கிப் போய்த் தானே மாட்டிய அம்மா, அடுத்த முறை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது எங்கே போவார் என்று யோசித்துப் பாருங்கள். இதில் தர்மம் ஒன்றும் இல்லை, வியாபாரம்தான்.

பெயிண்ட் பற்றி வாடிக்கையாளர்களிடம் எல்லோரும் சொல்லத் தயங்குகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல கம்பெனி டின்களிலும் சுவருக்குப் பூசும் பட்டி மூட்டைகளிலும் பெயிண்டர் காசாக்கிக்கொள்ள ஒரு டோக்கன் இருக்கும். இப்போது சுரண்டிப் பார்க்கும் அட்டை, போனில் ஸ்கேன் என்று வந்துவிட்டது. "இந்த பிராண்டுதான் நிக்கும்" என்று பெயிண்டர் அடித்துச் சொன்னால் அதில் அனுபவமும் இருக்கலாம், டோக்கனும் இருக்கலாம். டோக்கன் எடுப்பது திருட்டு இல்லை, கம்பெனியே அவருக்கென்று வைப்பதுதான். ஆனால் எத்தனை லிட்டர் என்பதை அவர் வாயிலிருந்து மட்டும் வாங்காதீர்கள். சுவரின் நீள அகலத்தை அளந்து எழுதி வாருங்கள். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி ஓடும் என்று கம்பெனித் தாளில் போட்டிருக்கும், கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மெஷினில் கலக்கிய நிறம் என்றால் மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரைக் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரே நம்பர் என்றாலும் இரண்டு டின்னுக்கு நடுவில் ஒரு பொடி வித்தியாசம் இருக்கக்கூடும். அதனால் ஒரு சுவரின் நடுவில் டின் மாற்றாதீர்கள். மூலையில் மாற்றுங்கள், அல்லது இரண்டையும் ஒன்றாகக் கலந்து அடியுங்கள்.

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல் இறக்காதீர்கள். மூன்று மாதம் தாண்டினால் பலம் குறைந்துவிடும். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதற்கு முன்னாலேயே கட்டி தட்டும். தரையில் போடாமல் பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி, 10 மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் கூடுதலாக ஒன்று சொல்வேன். உப்புக் காற்றில் சாதா இரும்புக் கீல் இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது. முதலிலேயே எவர்சில்வர் கீலும் திருகும் போடுங்கள். கீலை எவர்சில்வரில் போட்டுவிட்டுத் திருகை இரும்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதற்கு அந்தச் சிக்கனம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடை வாசலில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. காலை 7 மணிக்கு மேஸ்திரிகள், பிளம்பர்கள், எலக்ட்ரீஷியன்கள் அதில் வந்து உட்கார்ந்து டீ குடிப்பார்கள். எங்கே வேலை நடக்கிறது, யாருக்குச் சித்தாள் வேண்டும், எந்த வீட்டுக்காரர் கூலியை இழுக்கிறார் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாடிக்கையாளர்களும் "நல்ல பிளம்பரா ஒருத்தர சொல்லுங்க" என்று எங்களைத்தான் கேட்பார்கள். இது கத்தி மேல் நடக்கிற வேலை. அவர் சொதப்பினால் பழி நம் தலையில், ஒருவரையே அனுப்பினால் மற்றவர்களுக்கு மனக்குறை. அப்பா எப்போதும் இரண்டு பேர் பெயரைச் சொல்வார், நம்பரைக் கொடுப்பார், கூலி பேசும் இடத்தில் நிற்க மாட்டார். முன்பணத்தை "நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க" என்று யார் கல்லாவில் வைத்தாலும் தொடமாட்டார். நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடப்பாரை, பைப் ரிஞ்ச், ஏணி எல்லாம் தெருக்காரர்களுக்கு இரவலாகப் போகும். வாங்கினவர் பெயரை ஷட்டரின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைப்போம். ராத்திரி ஷட்டரை இறக்கும்போது அது கண் முன்னால் வந்து நிற்கும். நோட்டில் எழுதினால் யார் புரட்டிப் பார்ப்பது? ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல் போடக் கயிறும் கட்டுக்கம்பியும் நேரங்கெட்ட நேரத்தில் கேட்டு வருவார்கள். அப்போது பில் போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. காரியம் முடிந்து அவர்களே வந்து கேட்டுக் கொடுப்பார்கள்.

இனி கடன். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் எங்கள் சனிக்கிழமை. அன்றைக்கு இரும்பு வாங்கக் கூடாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அரிவாள், பூட்டு, கடப்பாரை எதுவும் நகராது. ஆனால் வாரக்கூலி கைக்கு வருவதும் சனிக்கிழமைதான். சாயங்காலம் 6 மணிக்கு மேல் மேஸ்திரிகள் பழைய பாக்கியைக் கொண்டுவந்து அடைப்பார்கள். அன்று சாயங்காலம் கல்லாவில் உட்காருவது வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது தாத்தா காலத்துச் சட்டம். யார் எவ்வளவு தந்தார் என்பதோடு, யார் முகத்தைக் காட்டாமல் எதிர்ச் சாரியில் நடந்து போனார் என்பதும் தெரிய வேண்டுமாம்.

கட்டட வேலைக் கடனில் சண்டை வருகிற இடம் ஒன்றுதான். வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் பணம் கொடுத்துவிட்டதாகச் சொல்வார், மேஸ்திரி இல்லை என்பார், சாமான் எங்கள் கடையிலிருந்து போயிருக்கும். இப்போது வீட்டுக்காரர் பெயரில்தான் கணக்குத் திறப்போம். மேஸ்திரி வந்து எடுத்துப் போகலாம், ஆனால் அன்றன்று சாயங்காலம் என்ன போனது என்ற சீட்டின் படம் வீட்டுக்காரர் போனுக்குப் போய்விடும். ஆரம்பத்தில் சில மேஸ்திரிகளுக்கு இது பிடிக்கவில்லை. "என்ன பாப்பா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்கள். "உங்களுக்கு மிச்ச சாமான் பேர்ல கெட்ட பேரு வரக்கூடாதுல்ல அண்ணே" என்றேன். நிஜமும் அதுதான். மிச்சமாகும் ஃபிட்டிங்கைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் முழுக் காசுக்கும் திருப்பி எடுத்துக்கொள்வோம். பயமில்லாமல் இரண்டு கூடுதலாக வாங்கிப் போவார்கள், வேலை பாதியில் நிற்காது.

தோப்புக்காரர்களின் கடன் வேறு மாதிரி ஓடும். தேங்காய் வெட்டு ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். "அடுத்த வெட்டுக்குத் தர்றேன்" என்று சொன்னால் அது பாண்டுப் பத்திரம் மாதிரி. தாத்தா நாளிலிருந்து அதில் பிசகு வந்ததில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது அந்தப் பத்திரங்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்தன.

அன்று காலை கடைக்கு வந்தபோது எங்கள் கோடவுன் கூரையிலேயே பாதி ஷீட் இல்லை. வாசலில் கூட்டம். தார்ப்பாய், நைலான் கயிறு, கோடாலி, ரம்பம் இவைதான் எல்லோருக்கும் வேண்டும். ஒருவர் மொத்தத் தார்ப்பாயையும் இரண்டு பங்கு விலைக்குக் கேட்டார். அப்பா ஒரு வீட்டுக்கு ஒன்று, பழைய விலை என்று சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் தீர்ந்தது. ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் தஞ்சாவூரிலிருந்து அடுத்த லோடு வரத் தாமதமானது. கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகப் போய் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுப்பதே ஒரு தொழிலாக நடந்தது. நாங்களும் எங்கள் ஜெனரேட்டரை வாசலில் ஓடவிட்டு, பெஞ்சில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை வைத்தோம். ஊரே வந்து போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு போனது.

கஷ்டம் அதற்கப்புறம்தான். விழுந்த தோப்பில் வெட்டு ஏது? புதுக் கன்று வைத்தால் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம். பாக்கி வைத்திருந்தவர்களைக் கேட்கவும் முடியாது, எங்கள் மொத்த வியாபாரிக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. அப்பா ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார். பாக்கியை ஒரு தொகையாக முடித்து எழுதி, புது வட்டி எதுவும் இல்லை, மாதம் முடிந்ததைக் கொடு என்றார். அந்தப் பழைய பக்கத்தோடு சேர்க்காமல் புதுச் சாமானுக்கு ரொக்கம் மட்டும். இந்தப் பிரிப்புதான் கடையைக் காப்பாற்றியது. பழைய பாக்கிக்குப் பயந்து யாரும் எங்களைத் தவிர்த்து வேறு கடைக்குப் போகவில்லை. சிலருடைய பிள்ளைகள் வெளிநாடு போய் அனுப்பி அடைத்தார்கள். சில பக்கங்கள் அடையவே இல்லை. அவற்றைக் கிழிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அதற்கப்புறம் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: நிலுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தென்னையை நம்பி இருக்கக் கூடாது. மீதி வீடு கட்டுகிறவர்கள், பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று பிரிந்து இருக்க வேண்டும். சின்ன ஊரில் கடை நடத்துகிறவர்கள் தங்கள் ஊரின் ஒற்றைப் பயிர் எது, ஒற்றை ஆலை எது என்று பார்த்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது.

புயல் கற்றுக்கொடுத்த இன்னொன்று கூரை. காற்று ஷீட்டை நடுவிலிருந்து பிய்ப்பதில்லை, ஓரத்திலும் மூலையிலும்தான் விரலை விட்டுத் தூக்கும். ஆனால் அந்த இடத்தில்தான் வேலையாட்கள் போல்ட்டை மிச்சம் பிடிப்பார்கள். விளிம்பு வரிசையில், ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கிற கொக்கி மாதிரியான ஜே போல்ட்டை நெருக்கமாகப் போடுங்கள். ஷீட்டின் மேட்டில் துளை போடுங்கள், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கிறதா என்று ஆவணி வாக்கில் ஏறிப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

இப்போது போனில் விலை காட்டிப் பேரம் பேசுகிறவர்கள் தினமும் வருகிறார்கள். டிரில் மெஷின் விலையில் என்னால் ஆன்லைனோடு போட்டி போட முடியாது, முயல்வதும் இல்லை. "அங்கேயே வாங்கிக்குங்க, பில்லைப் பத்திரமா வைங்க" என்று சொல்லிவிடுவேன். மெஷின் வந்து சேர்ந்த மறுநாள் கான்கிரீட் பிட், சுவர்த் துளையில் செருகும் பிளக், திருகு வாங்க இங்கேதான் வருவார்கள். கூடவே, எந்தச் சுவரில் எந்த பிட் என்று கேட்பார்கள். சொல்லிக் கொடுக்கிறேன். செங்கல் சுவரில், அடித்துக்கொண்டே துளைக்கிற ஹாமர் ஓடட்டும், டைல்ஸ் மேல் மட்டும் ஹாமரை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ஓடு விரிசல் விடும்.

கிராமத்து வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் படம் அனுப்புகிறார்கள். வெறும் திருகை மட்டும் படம் எடுத்தால் அது 1 இஞ்சா 3 இஞ்சா என்று கடவுளுக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ ஒரு ரூபாய்க் காசையோ வைத்து எடுங்கள். எதற்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், அல்லது குரலில் சொல்லி அனுப்புங்கள். காலை 10 மணிக்குள் வந்தால் சாமானைக் கட்டி மத்தியான மினி பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், அன்றைக்குக் கடை அரை நாள்தான்.